கோதைக்கு வாங்கின ராடு

துப்பாக்கி இல்ல சார், பயப்படாதீங்க. ஏறினதுலேர்ந்து இந்தக் குழாயவே பாத்துட்டு வர்றீங்க. உள்ள இருக்கிறது மீன் பிடிக்கிற ராடு. தூண்டில்தான். ஆனா தூண்டில்னு கேட்டா கடைக்காரன் மூஞ்சி சுளிக்கிறான், ராடுன்னு கேக்கணும். குழாய் நானே செஞ்சது. பிளம்பிங் பைப்பை அறுத்து ரெண்டு பக்கமும் மூடி போட்டு, உள்ள ஸ்பாஞ்சு ஒட்டி, தோள்ல மாட்ட வார் வச்சேன். கடையில இதுக்குன்னு பை விக்கிறான், ஜிப்பு ஒரு மாசத்துல பல்லைக் காட்டிடும். கொஞ்சம் நகருங்க சார், அந்த ஜன்னல் கண்ணாடி டக்கு டக்குன்னு அடிச்சுக்குது. உங்க டிக்கெட்டைக் குடுங்க, மடிச்சு இடுக்குல சொருகிடலாம். அட குடுங்க, செக்கர் வந்தா நானே எடுத்துத் தரேன். ஆங், நின்னுடுச்சு பாருங்க.

சிதம்பரமா போறீங்க? நான் முட்லூர் கிராஸ்ல இறங்கிடுவேன். அங்கேருந்து பரங்கிப்பேட்டை. மச்சான் வீடு. என் வீட்டுக்காரி அங்கதான் இருக்கா. பூங்கோதைன்னு பேரு, கோதைன்னு கூப்பிடுவேன். பொங்கலுக்குத் தம்பி வீட்டுக்குப் போனவ. இப்ப மாசியே பாதி போயிடுச்சு. சண்டையான்னு கேக்காதீங்க, சண்டை இல்ல. சண்டை போட்டிருந்தா சமாதானம் பண்ணியிருப்பேன், அது எனக்குப் பழக்கம். இது ஒண்ணுமே பேசாம போயிட்டா. நானும் இன்னைக்கு வருவா நாளைக்கு வருவான்னு இருந்துட்டேன். வீட்டுல இருக்கப் பிடிக்கல சார். ஃபேன் போட்டா ஃபேன் சத்தம் மட்டும் கேக்குது.

நாலு நாளைக்கு முன்னாடி அவளே போன் பண்ணினா. என்ன சொன்னா தெரியுமா? "ஞாயித்துக்கிழமை காலையில வாங்க. நான் அன்னங்கோயில் முகத்துவாரத்துல மீன் பிடிக்கப் போறேன். நீங்க என் பக்கத்துல நில்லுங்க. ஒண்ணும் கொண்டு வராதீங்க, ஒண்ணையும் தொடாதீங்க, ஒண்ணும் சொல்லாதீங்க. வெயில் ஏறுற வரைக்கும் அப்படி நிக்க முடிஞ்சா சாயங்காலம் உங்க கூடவே பஸ் ஏறுறேன். முடியலைன்னா நீங்க மட்டும் ஊருக்குப் போங்க." வச்சுட்டா. இதென்ன சார் பரிட்சை? கட்டின புருசனுக்கு?

சரி, பொண்டாட்டி கூப்பிடுறா, வெறுங்கையோட போறதா? அதான் முன்னாடியே வாங்கி வச்சிருந்த இந்த ராடு. அவளுக்குத்தான். எனக்கு இல்லவே இல்ல. அதனால இது கொண்டு போறதுல சேராது. நீங்க என்ன சொல்றீங்க? எனக்குக் கொண்டு போனாத்தானே கொண்டு போறது?

அது என்ன, பாட்டில் மூடி வரலையா? இப்படிக் குடுங்க. நீங்க மூடியைத் திருகுறீங்க, பாட்டிலைத் திருகணும். கீழ பிடிச்சு. ம், குடிங்க.

நான் ஐ.டி.ஐ.ல ஃபிட்டர் வாத்தியார் சார். அரம் பிடிக்கிறது, திருகாணிக்கு மரை வெட்டுறது, அளவு பாக்குறது எல்லாம் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறேன். ஒருத்தன் அரத்தைக் கோணலாப் பிடிச்சான்னா என் கை சும்மா இருக்காது, "தாடா இப்படி"ன்னு வாங்கித் தேச்சுக் காட்டுவேன். என் கிட்ட படிச்சவன் எல்லாம் நல்லா இருக்கான். சில பேரு மட்டும், "சார், நீங்க தேச்ச இரும்புத் துண்டுதான் சார் எங்க பேர்ல பரிட்சைக்குப் போச்சு"ன்னு கிண்டல் பண்ணுவாங்க. அது சும்மா, பாசத்துல சொல்றது.

மீன் பிடிக்கிற கிறுக்கு எனக்கு லேட்டாத்தான் வந்துச்சு. உப்பனாத்துப் பாலத்துக்கிட்ட ஒரு ஆளு நின்னு பொய் மீனை வீசி வீசி இழுத்துட்டு இருந்தான். புழு இல்ல, இறா இல்ல. பிளாஸ்டிக் மீனு, லூருன்னு பேரு. தண்ணியில இழுத்தா உசுரோட நீந்துற மாதிரியே வாலை ஆட்டுது. அதைப் பாத்துட்டு ஒரு கொடுவா வந்து அடிச்சுது பாருங்க! கொடுவா சாப்பிட்டிருப்பீங்க, கல்யாண வீட்டுக் கொழம்பு மீனு. ஆனா அது தூண்டில்ல மாட்டினா எப்படித் துள்ளும்னு பாத்திருக்க மாட்டீங்க. அன்னைக்கே மனசுல ஒட்டிக்கிச்சு.

அப்புறம் என்ன, ராடு எந்த நீளம், நூல் சுத்துற ரீல் எந்த சைஸு, நூல் எத்தனை பலம்னு ஒரே ஆராய்ச்சி. கட்டையான ராடு வாங்கினா லேசான லூரு போகாது. ஒல்லியா வாங்கினா கொடுவா பாலத்துத் தூண் பக்கம் ஓடும்போது நிறுத்த முடியாது. நுனி வளையணும், அடி வளையக் கூடாது. ரீல் பெருசா இருந்தா கை வலிக்கும், சிறுசா இருந்தா நூல் பத்தாது. நூல் பிரெய்டு. பின்னின நூலு, சன்னமா இருக்கும், யானையைக் கட்டலாம். ஆனா அதை அப்படியே லூர்ல கட்டக் கூடாது. கொடுவாவுக்குச் செவுள் ஓரம் பிளேடு. ஒரே உரசு, போச்சு. அதனால நுனியில ஒரு பாகம் தடிச்ச தங்கூசி, அதான் நைலான் நரம்பு, சேத்துக் கட்டணும். அந்த முடிச்சு இருக்கே, அதைக் கத்துக்கவே எனக்கு ஒரு சீசன் போச்சு.

லூரு இருக்கே, அது தனிக் கதை. மேல மிதக்குறது, கீழ முங்குறது, மினுக்குற தகடு, ரப்பர் மீனு. தண்ணி தெளிஞ்சிருந்தா ஒரு கலரு, கலங்கியிருந்தா ஒரு கலரு. டப்பா டப்பாவா சேத்து, பீரோவுல கோதையோட புடவைத் தட்டு ஒண்ணைக் காலி பண்ணி வச்சேன். அவ ஒண்ணும் சொல்லல. நல்லவ சார், எதுக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டா.

பொண்ணு கோயம்புத்தூர்ல ஹாஸ்டலுக்குப் போனப்புறம் வீட்டுல இவ தனியா இருந்தா. ஞாயித்துக்கிழமை ஆனா நான் ராடைத் தூக்கிட்டு ஆத்துக்குப் போயிடுவேன். ஒரு நாளு, "நானும் வரேங்க"ன்னா. வான்னேன். ஃபிளாஸ்க்ல டீ எடுத்துட்டு வந்து கரையில குடை பிடிச்சு உக்காந்திருந்தா. ரெண்டு மூணு வாரம் அப்படியே. அப்புறம் ஒரு நாளு நான் முடிச்சுப் போட்டுட்டு இருக்கேன், திரும்பிப் பாத்தா என்னோட பழைய ராடை எடுத்து வீசிட்டு இருக்கா! குடை தனியா கிடக்குது. எனக்கு ஆச்சரியமா போச்சு. என்னதான் இருந்தாலும் சந்தோசமா இருந்துச்சு சார். நம்ம பொண்டாட்டி நம்ம கூட நிக்கிறா, அதுக்கு மேல என்ன வேணும்?

அதுக்கு முன்னாடி அவ எதுலயும் நிலைச்சது கிடையாது. தையல் மிஷின் வேணும்னா. வாங்கி, ஆயில் விட்டு, பெல்ட் மாத்தி, அவ உக்காரும்போதெல்லாம் ஊசியில நூல் கோத்து, தையல் நேரா வருதான்னு பக்கத்துல நின்னு பாத்தேன். வேற யாரு பாப்பா சொல்லுங்க? நாலு ரவிக்கையோட விட்டுட்டா. ஸ்கூட்டர் கத்துக்கறேன்னா. பின்னால உக்காந்து ஹேண்டிலைப் பிடிச்சுக்கிட்டே கத்துக் குடுத்தேன். ஒரு வாரத்துல சாவியை ஆணியில மாட்டிட்டா. அவளுக்குப் பொறுமை பத்தாதுன்னு நினைச்சுக்குவேன்.

ஆனா மீனு விசயத்துல நின்னா. நின்னான்னா அப்படி நின்னா. அவளுக்கு இடது கைப் பழக்கம். பக்கவாட்டுல ஒரு வீச்சு வீசுவா, லூரு போய்த் தூணுக்கு ஒரு முழம் தள்ளி விழும். எப்படின்னு கேட்டா, "தெரியலீங்க, அங்க பாத்தேன், போச்சு"ம்பா. அப்படியெல்லாம் வீசக் கூடாது சார், தலைக்கு மேல கொண்டு போய் வீசணும். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? தோளைப் பிடிச்சுத் திருப்பி நிக்க வைப்பேன். ரெண்டு வீச்சு நான் சொன்ன மாதிரி வீசுவா, தண்ணி கிட்டயே விழும். நான் அந்தாண்ட போனதும் பழையபடி பக்கவாட்டுல. கிழங்கான், கெளுத்தின்னு சின்னச் சின்னதா பிடிச்சா. என்னை விட அதிகமாத்தான் பிடிச்சா, அதுக்கென்ன, நான் பெரிய மீனுக்காக நிக்கிறவன்.

என்ன, பஸ் நின்னுடுச்சு? ரயில் கேட்டா? சோதனை! இந்த நேரத்துல எந்த ரயிலு? கடல் தண்ணி இன்னேரம் ஆத்துக்குள்ள ஏற ஆரம்பிச்சிருக்கும் சார். கொடுவா ஏறுற தண்ணியோடதான் உள்ள வரும், அப்ப விட்டா போச்சு. டிரைவர் எஞ்சினை அணைச்சுட்டான் பாருங்க. நான் இறங்கிப் பாத்துட்டு வரவா? வேணாம். உக்காருறேன். உக்காந்துதான் இருக்கேன்.

எங்க விட்டேன்? ரீலு. ரீலுக்கு ஒரு கைப்பிடி உண்டு, சுத்துறதுக்கு. அதைக் கழட்டி எந்தப் பக்கம் வேணாலும் மாட்டலாம். பொதுவா ராடை வலது கையில பிடிச்சு இடது கையால சுத்தணும். அதான் சரி. நான் அப்படித்தான் மாட்டி வைப்பேன். இவ அதைக் கழட்டி அந்தப் பக்கம் மாட்டிக்குவா. ராத்திரி துடைக்கும்போது நான் திரும்ப மாத்தி வைப்பேன். அடுத்த வாரம் கரையில போய்ப் பாத்தா மறுபடி அந்தப் பக்கம். சொல்லவே மாட்டா, சத்தமே இல்லாம மாத்திடுவா. நானும் விடல. இது ஒரு விளையாட்டு மாதிரி நடந்துட்டே இருந்துச்சு. விளையாட்டுன்னுதான் நான் நினைச்சேன்.

மார்கழி கடைசி. மழையெல்லாம் விட்டு ஆத்துல புதுத் தண்ணி தெளிஞ்சிருந்துச்சு. கொடுவாவுக்கு அதை விட நல்ல நேரம் கிடையாது. அன்னைக்கு அவ ஒரு பழைய ரப்பர் மீனைக் கட்டியிருந்தா, வாலு கூட பாதி கிழிஞ்சது. "அதை எடுத்து எறி கோதை, தண்ணி தெளிவா இருக்கு, மினுக்குறதைப் போடு"ன்னேன். "இருக்கட்டுங்க"ன்னா. பெட்டியத் திறந்து நான் வேற எடுக்கிறதுக்குள்ள வீசிட்டா. தூணு ஓரம் விழுந்துச்சு. ரெண்டு சுத்து சுத்தியிருப்பா. தண்ணி பிளந்துச்சு சார்!

என்ன மீனு! ஒரு குழந்தை சைஸு. வெள்ளி மாதிரி மேல வந்து, வாயைப் பொளந்து, தலையை ஒரு ஆட்டு ஆட்டி முங்குச்சு. ரீலு கிர்ருனு கத்துது. நூலு ஓடுது. அவ சிரிக்கிறா சார். கத்துறா, சிரிக்கிறா. கல்யாணம் ஆகி இத்தனை வருசத்துல அவ அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. "என்னங்க, பாருங்க! என்னங்க, பாருங்க!"ங்கிறா. பாலத்து மேல போற ஆளுங்க சைக்கிளை நிறுத்திப் பாக்குறாங்க.

நான் பாத்தேன். அவ ராடைத் தாழ்த்திப் பிடிச்சிருந்தா. மீனு தூண் பக்கம் ஓடுது. தூணுல சிப்பி இருக்கு, நூலு பட்டா அவ்வளவுதான். நான் எப்படி சார் சும்மா இருக்கிறது? "தூக்கிப் பிடி, தூக்கிப் பிடி"ன்னு கத்தினேன். "நானே, நானே"ன்னா. மீனு இன்னும் கிட்ட போகுது. "தா இப்படி"ன்னு ராடை வாங்கிட்டேன்.

பிடுங்கலை சார். பிடுங்கினேன்னு மச்சான் கிட்ட சொல்லியிருக்கா. வாங்கினேன்.

வாங்கினா, கைப்பிடி அந்தப் பக்கம் இருக்கு! என் இடது கை தேடுது, ஒண்ணும் இல்ல. பதட்டத்துல ராடை அப்படியே கவுத்துப் பிடிச்சேன். இப்பக் கைப்பிடி என் பக்கம் வந்துடுச்சு. சுத்துறேன். லேசாப் போகுது. இன்னும் சுத்துறேன். திடீர்னு கைப்பிடி என் கையோட வந்துடுச்சு சார்! கழண்டு, தனியா, கையில! நூலு தொய்ஞ்சுது. மீனு இன்னொரு தடவை மேல வந்து தலையை ஆட்டுச்சு, அந்த ரப்பர் மீனு பறந்து வந்து என் சட்டையில ஒட்டிக்கிச்சு. கொடுவா போயிடுச்சு.

சிரிக்கிறீங்க. சிரிங்க. பாலத்து மேல எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அந்த ரீல் கம்பெனிக்காரன் மேல வந்த கோவம் இருக்கே! மரை வெட்டச் சொல்லிக் குடுக்குறவன் நானு. நல்ல மரையா இருந்தா கழலுமா? என்ன சொல்றீங்க? தலைகீழாப் பிடிச்சா எதிர்ப் பக்கமா சுத்தின மாதிரி ஆகும், அதான் கழண்டுச்சா? ஆகும்தான். எதிர்ப் பக்கம் சுத்தினா கழலும்தான். அது பொதுவா சொல்றது சார். அந்த அவசரத்துல ஒரு மனுசன் எப்படிச் சுத்துவான்னு யோசிச்சுச் செய்யணும்ல கம்பெனிக்காரன்?

நான் அந்தக் கைப்பிடியைக் காட்டி, "பாரு கோதை, மட்ட ரகம், இவன் எல்லாம் ரீல் செய்யலைன்னு யாரு அழுதா"ன்னு பேசிட்டே இருக்கேன். அவளப் பாத்தா, ரெண்டு கையும் ராடு பிடிச்ச மாதிரியே அந்தரத்துல நிக்குது. அப்புறம் கீழ இறக்கி முந்தானையில துடைச்சுக்கிட்டு ஃபிளாஸ்கை எடுத்தா. வீட்டுக்கு வந்து சமைச்சா. போட்டா. நான்தான் பேசிட்டு இருந்தேன், அந்த மீனு எவ்வளவு எடை இருக்கும்னு. அவளுக்கு ரொம்ப வருத்தம் போலன்னு, "கவலைப்படாத, அதை விடப் பெருசு மாட்டும், நல்ல ரீலா வாங்கித் தரேன்"னேன். "மீனுக்காக இல்லீங்க"ன்னா. வேற எதுக்காம்? அதைச் சொல்ல மாட்டா.

பொங்கலுக்குத் துணி எடுத்து வைக்கும்போது பெட்டி கனமா இருக்கேன்னு அப்பவே பாத்தேன். குளிருக்குப் போர்வை வச்சிருப்பான்னு விட்டுட்டேன். போர்வை இல்ல, அந்தப் பழைய ரீலுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

கேட்டு திறந்துடுச்சு, அப்பாடா. ஓட்டுப்பா, ஓட்டு! அந்த லாரிக்கு வழி விடாத! பாருங்க, விட்டுட்டான். நான் ஓட்டியிருந்தா முந்தியிருப்பேன்.

ஒரு மாசம் தனியா சமைச்சுத் தின்னுக்கிட்டு யோசிச்சேன் சார். அவ மனசு விட்டுப் போச்சுன்னா அதுக்குக் காரணம் அந்த ரீலு. கையில வந்தது அப்படிப் போனா யாருக்குத்தான் வெறுத்துப் போகாது? அதுக்கு ஒரே வழி நல்ல செட்டா வாங்கிக் குடுக்கிறது. பாண்டிச்சேரிக்கும் மெட்ராஸுக்குமா அலைஞ்சேன். கடைக்கடையா ஏறி ராடை வளைச்சு வளைச்சுப் பாத்தேன். கடைக்காரன், "மேடத்தைக் கூட்டிட்டு வாங்க சார், அவங்க கையில பிடிச்சுப் பாக்கட்டும்"னான். எனக்குத் தெரியாதா அவ கை? சின்னக் கை. விரலெல்லாம் குட்டை. அதுக்குத் தகுந்த மாதிரி பிடி சன்னமா, ரீலு எடை கம்மியா, ராடு நுனி மெத்துன்னு அடி கெட்டியா... இருங்க, காட்டுறேன். பஸ்ல வேணாமா? பரவாயில்ல, முன் சீட்டுல யாரும் இல்ல. தலையைக் குனிஞ்சுக்குங்க.

எப்படி? மினுங்குதுல்ல? பிரெய்டு பச்சைக் கலரு, தண்ணியோட தண்ணியா நிக்கும். தங்கூசி முடிச்சு நான் போட்டது, பிரிச்சுப் பாருங்க பாப்போம். லூரு ஒரு டஜன், எல்லாத்துக்கும் மொக்கை முள்ளை எடுத்துட்டு நல்ல முள்ளு மாத்தியிருக்கேன். அவ எதுவும் செய்ய வேண்டியதில்ல. எடுத்து வீச வேண்டியதுதான். முக்கியமானது இதோ, இந்தக் கைப்பிடி. இழுங்க. நல்லா இழுங்க. திருகுங்க, எந்தப் பக்கம் வேணாலும் திருகுங்க. வருதா? வராது. மரைக்குள்ள பசை விட்டு இறுக்கியிருக்கேன். எங்க ஒர்க்‌ஷாப்புல மோட்டார் போல்டுக்குப் போடுற பசை. ஜென்மத்துக்கும் கழலாது. இனிமே எந்த மீனு வந்தாலும், யாரு எப்படிச் சுத்தினாலும், கைப்பிடி இருந்த இடத்துலயே இருக்கும்.

என்ன சார்?

ஆமா, இடது கைதான். சொன்னேனே, இடது கைப் பழக்கம்னு. ராடை இடது கையில பிடிப்பா, வலது கையால...

இருங்க.

இது இடது பக்கம் இருக்கு.

இருங்க சார், இருங்க. உங்க சாவி இருக்கா? வீட்டுச் சாவி, எதாவது. குடுங்க. இந்த இடுக்குல குடுத்து நெம்பினா... வழுக்குது. ஒரு துணி குடுங்க. கர்ச்சீப். வர மாட்டேங்குது. நான் ஒட்டினது சார், எப்படி வரும்? சூடு காட்டினா இளகும், பஸ்ல எங்க போய்ச் சூடு காட்டுறது? தீப்பெட்டி வச்சிருக்கீங்களா? வேணாம் வேணாம், ராடு பொசுங்கிடும். ச்சே! கடைக்காரன் கேட்டான் சார். "எந்தப் பக்கம் மாட்டணும்"னு கேட்டான். நான் யோசிக்கவே இல்ல. என் கையை வச்சுக் காட்டினேன்.

அவ மாத்தி மாத்தி வச்சாளே, அது... ஏன் சார், அவ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? "எனக்கு இந்தப் பக்கம்தான் வரும்"னு? சொன்னாளோ? சொல்லியிருப்பா. சொல்லியிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன், "பழகிக்க, சரியாயிடும்"னு சொல்லியிருப்பேன்.

போன் அடிக்குது. அவதான். பேசாம இருங்க.

சொல்லு கோதை. ஆங், வந்துட்டேன், புதுச்சத்திரம் தாண்டியாச்சு. இல்ல, உக்கார இடம் கிடைச்சுது. யாரு? நீயா வர்ற? முட்லூருக்கா? தம்பி வரலையா? எதுல? ஸ்கூட்டர்லயா? நீ ஓட்டிட்டா? அந்த ரோட்டுல லாரி... சரி. சரிம்மா. ஒண்ணும் சொல்லல. என்ன? கையிலயா? கையில என்ன இருக்கு, ஒண்ணும் இல்லையே. ஆமா. சும்மாதான் வரேன். சும்மாதான் வரேன்னு சொல்றேன்ல. வை.

பொய் சொல்லிட்டேன் சார். ஸ்கூட்டர் ஓட்டிட்டு வராளாம். மெயின் ரோட்டுல. யாரு கத்துக் குடுத்தாங்கன்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. குரலே வேற மாதிரி இருக்கு சார், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிட்டு, அன்னைக்கு மீனு மாட்டினப்ப இருந்த மாதிரி. எனக்குப் பயமா இருக்கு. இந்தக் குழாயோட நான் இறங்கினா அவ வண்டியத் திருப்பிடுவா. நிச்சயமா திருப்பிடுவா. கோவப்படக் கூட மாட்டா, தலையை மட்டும் ஆட்டிட்டுப் போயிடுவா. அப்புறம் அந்த வீட்டுல நானும் ஃபேனும்தான்.

சார், நீங்க இதை வச்சுக்குங்க. இல்ல, நிஜமாத்தான் சொல்றேன். குழாய், டப்பா, எல்லாம். கொண்டு போய்த் திருப்பித் தர வேணாம், விலாசமும் வேணாம். சிதம்பரத்துல குளம் இல்லாத இடமா? யாருக்காவது குடுங்க, இல்ல நீங்களே பிடிங்க. கடையில பொறுக்கி எடுத்தது சார், குறை சொல்ல முடியாது. நீங்க எந்தக் கைப் பழக்கம்? இவ்வளவு நேரம் பேசிட்டு வரேன், அதை நான் கேக்கவே இல்ல பாருங்க. வலது கையா? அப்ப உங்களுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். வீசும்போது ராடை இப்படித் தலைக்கு மேல... வேணாம். நீங்க எப்படியும் வீசுங்க.

முட்லூரு வந்துடுச்சு. கிராஸ் கிராஸ்! நிறுத்துப்பா! வழி விடுங்க, இறங்கணும்.

அதோ சார், புளிய மரத்துக்கிட்ட, நீல ஸ்கூட்டர். அவதான். ஹெல்மெட்டை என்னா மாதிரி போட்டிருக்கா பாருங்க, வாரு மாட்டாம தொங்குது. அதை மட்டும் மாட்டி விட்டுட்டா... இல்ல. தொட மாட்டேன். சொல்ல மாட்டேன். ராடு சுமந்துட்டே இருந்தேன் சார், இப்ப ரெண்டு கையும் காத்துல ஆடுது. பாக்கெட்ல விட்டா திமிருன்னு நினைப்பா. பின்னால கட்டினா வாத்தியார் மாதிரி இருக்கும். பஸ் கிளம்பறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சும்மா நிக்கிறவங்க எல்லாம் கையை எங்க சார் வச்சுக்குவாங்க?